ஒதுங்கியிருந்த நாளில் ஏற்றிய விளக்கு

1944-ஆம் வருஷம் ஏப்ரல் பதினாலாம் தேதி, வெள்ளிக்கிழமை. அன்றைக்கு விஷு, எங்கள் பாலக்காட்டு வருஷப்பிறப்பு. சாயங்காலம் நாலு மணி தாண்டிச் சில நிமிஷம் இருக்கும். பம்பாய் மாதுங்காவில் எங்கள் ஃபிளாட்டின் பின்பக்கத்துக் காலரியில் பாயில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். கட்டடம் ஒரு தடவை குலுங்கியது. ஜன்னல் கண்ணாடி இரண்டு உடைந்து உள்ளே விழுந்தது. ஜப்பான்காரன் குண்டு போட்டுவிட்டான் என்று தெருவில் கத்திக்கொண்டு ஓடினார்கள். அரை மணி கழித்து இன்னொரு சத்தம், முதலாவதைவிடப் பெரிதாக. தெற்கே துறைமுகத்துப் பக்கம் கறுப்பாகப் புகை எழும்பியது. என்னோடு ஒரே அறையில் இருந்த சூ லான் அன்றைக்கு மத்தியானம் அந்தத் துறைமுகத்துக்குத்தான் போயிருந்தாள். போகச் சொன்னவள் நான்.

நம் பஜனை சமாஜத்து மலருக்கு, குருவாயூரப்பன் எனக்குச் செய்ததை எழுதித் தரச் சொன்னார்கள். எழுதி முடித்து முதலில் ஜானகி மாமியிடம் படித்துக் காட்டினேன். மாமி எனக்கு அப்பா வழியில் உறவு. பம்பாயில் படித்த காலத்தில் என்னைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவருடையது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மாமி சொன்னார்: "நன்னாத்தான் எழுதியிருக்காய் விசாலம். அந்த மூணு நாள் சமாசாரத்தை மாத்திரம் எடுத்துடு. புருஷாளும் படிக்கற புஸ்தகமாக்கும்."

எடுக்கவில்லை. அதை எடுத்துவிட்டால் பகவான் என்ன செய்தான் என்று சொல்ல எனக்கு ஒன்றுமே மிஞ்சாது. மாமி கோபித்துக்கொள்ளட்டும். முகம் சுளிப்பவர்கள் பக்கத்தைப் புரட்டிக்கொள்ளட்டும்.

அப்போது எனக்கு இருபது வயது. பாலக்காட்டிலிருந்து பி.எஸ்ஸி. படிக்க வந்திருந்தேன். எங்கள் கல்லூரி விடுதியைப் பட்டாளத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். யுத்தத்தால் ஊர் திரும்ப முடியாமல் நின்றுபோன வெளிநாட்டு மாணவிகளுக்காக ஒரு மாதர் சங்கம் வாடகைக்கு எடுத்திருந்த ஃபிளாட்டில் எனக்கும் ஓர் இடம் கிடைத்தது. இரண்டாம் மாடி. இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு, ஒரு குழாய். மூன்று பெண்கள். சூ லான் பினாங்கிலிருந்து வந்த சீனப்பெண். அவள் படிக்க வந்த சில மாதத்திலேயே ஜப்பான்காரர்கள் மலாயாவைப் பிடித்துவிட்டார்கள். அப்பா அம்மா உயிரோடு இருக்கிறார்களா என்றே இரண்டு வருஷமாக அவளுக்குத் தெரியாது. ஹலீமா சான்சிபார் தீவிலிருந்து ஆசிரியைப் பயிற்சிக்கு வந்தவள். முஸ்லிம். ஐந்து வேளையும் தவறாமல் தொழுவாள். எங்களுக்குள் பேச்சு பாதி இங்கிலீஷ், பாதி பம்பாய் ஹிந்தி. இங்கே எல்லாவற்றையும் தமிழில் எழுதுகிறேன்.

முதல் மாதம் நான் பண்ணின அட்டகாசம் கொஞ்சநஞ்சமில்லை. சமையல்கட்டுக்குக் குறுக்கே சாக்கட்டியால் கோடு போட்டேன். கோட்டுக்கு அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நானும் என் ஆசாரமும். சூ லான் கோட்டருகே வந்து நின்று, "இந்த நாட்டுக்குள் வர பாஸ்போர்ட் வேண்டுமா?" என்று கேட்பாள். நான் சிரிக்க மாட்டேன். அவளும் விட மாட்டாள்.

மாதாமாதம் நான் தூரமானால் காலரியில் போய் உட்கார்ந்துவிடுவேன். பாய் தனி, தட்டு தனி, செம்பு தனி. மூன்று நாளும் யாரையும் தொடக் கூடாது, விளக்குப் பக்கம் போகக் கூடாது, சுவாமி பேரை வாயால் சொல்லக் கூடாது. எங்கள் வீட்டில் எனக்குக் கற்றுக்கொடுத்தது அப்படித்தான். முதல் தடவை நான் அப்படி உட்கார்ந்ததைப் பார்த்து எனக்கு ஏதோ தொற்றுவியாதி என்று பயந்து ஹலீமா டாக்டரை அழைத்துவரக் கிளம்பிவிட்டாள். பிறகு இரண்டு பேருக்கும் பழகிவிட்டது. செம்பில் படாமல் உயரத்திலிருந்து தண்ணீர் ஊற்ற சூ லான் நன்றாகவே கற்றுக்கொண்டாள்.

அந்த வருஷம் விஷுவுக்கு முதல்நாள் சாயங்காலம் விடிந்ததும் முதலில் கண் விழிக்க வேண்டிய கணியை வைக்கச் சாமான் எல்லாம் வாங்கி வந்தேன். வெள்ளரிக்காய், கொன்றைப்பூ, தேங்காய், அரிசி, கண்ணாடி. எடுத்து வைக்கப் போகும்போது தூரமாகிவிட்டேன். அழுகையே வந்துவிட்டது. கணி காணாத விஷு எனக்குப் பிறந்ததிலிருந்து கிடையாது. காலரியில் போய் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சூ லான் வந்து என்னவென்று கேட்டாள். சொன்னேன்.

"இவ்வளவுதானா? நீ அங்கிருந்து சொல்லு. நான் வைக்கிறேன்" என்றாள்.

அப்படியே செய்தாள். குருவாயூரப்பன் படத்தை எங்கே வைப்பது, உருளிப் பாத்திரத்தில் அரிசியை எவ்வளவு போடுவது, கண்ணாடியை எந்தப் பக்கம் சாய்ப்பது என்று நான் காலரியிலிருந்தே அதிகாரம் பண்ணினேன். விடியற்காலையில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு மரப்பலகையில் எல்லாவற்றையும் அடுக்கித் தூக்கி வந்து, என்மேல் படாமல் தள்ளி வைத்து, கண்ணைத் திற என்றாள். திறந்தேன். கொன்றைப்பூ, கண்ணாடி, வெள்ளரிக்காய், நடுவில் என் அப்பன், குருவாயூரப்பன். அவன் காலடியில் சிவப்புச் சாயம் பூசின கோழிமுட்டை ஒன்று.

"எங்கள் வீட்டில் நல்ல நாள் என்றால் இது இல்லாமல் இருக்காது. என் பங்கு" என்றாள்.

நான் தொட்டு எடுக்கவும் முடியாது. எடு என்று அந்த முகத்தைப் பார்த்துச் சொல்லவும் வாய் வரவில்லை. வந்தது சிரிப்புதான். காலையில் பாயசம் கொடுக்க வந்த ஜானகி மாமி வாசலில் நின்றபடியே அந்த முட்டையைப் பார்த்துவிட்டார். "சிவ சிவா" என்று சொல்லிப் பாயசத்தை அங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அன்றைக்குத்தான் சூ லானுக்கு அந்த வேலை இருந்தது. பினாங்கிலிருந்து தப்பி வந்த ஒரு சீனச் சமையல்காரர் ஒரு கப்பலில் இருக்கிறார், வெள்ளிக்கிழமை நாலு மணிக்குத் துறைமுக வாசலுக்கு வந்தால் பார்க்கலாம் என்று யாரோ அவளுக்குச் சேதி சொல்லியிருந்தார்கள். போகலாமா வேண்டாமா என்று காலையிலிருந்து தவித்தாள். கெட்ட சேதி வந்துவிடுமோ என்று பயம். நான்தான் தைரியம் சொன்னேன். "இன்றைக்கு விஷு. கணி கண்ட கையோடு போ. நல்ல சேதியோடுதான் திரும்பி வருவாய்" என்றேன். இரண்டரை மணிக்கு, வழக்கம்போல் சட்டையும் கால்சட்டையுமாகக் கிளம்பிப் போனாள்.

ஆறு மணி ஆயிற்று. அவள் வரவில்லை. ரயில் நின்றுவிட்டது. ஹலீமா தாதரிலிருந்து நடந்தே வந்து சேர்ந்தாள். வெடித்தது குண்டில்லை, துறைமுகத்தில் ஒரு கப்பல், பக்கத்துக் கட்டடங்களெல்லாம் எரிகின்றன, வண்டி வண்டியாக ஆட்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள் என்று வழியில் கேட்டுக்கொண்டு வந்து சொன்னாள்.  நாக்கு நுனியில் நாராயணா என்று வந்து நின்றது. விழுங்கினேன். மறுபடியும் வந்தது. மறுபடியும் விழுங்கினேன். பெற்றவர்களைத் தேடிப் போன பெண்ணைச் சாவுக்கு அனுப்பிவிட்டு, அவளுக்காகக் கடவுளைக் கூப்பிடக்கூட எனக்கு வாய் இல்லை. அந்தக் கொடுமையை யாருக்கு எப்படிச் சொல்வேன்?

ஹலீமா தொழுதுவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். "நீ உன் சாமியைக் கூப்பிடவில்லையா?" என்று கேட்டாள்.

"இந்த நாளில் கூடாது."

"எங்களுக்கும் அந்த நாட்களில் தொழுகை கிடையாது. ஆனால் துஆ கேட்கலாம், வேண்டியதை அல்லாவிடம் வாய்விட்டுக் கேட்கலாம். கேட்கிற வாயை யாரும் அடைக்கவில்லை."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எங்கள் சாஸ்திரத்தை எனக்கு நீ சொல்லித்தர வேண்டாம்" என்று கத்தினேன். பாவம், அவள் உள்ளே போய்விட்டாள். கத்தின பிறகுதான், எனக்குக் கோபம் அவள்மேல் இல்லை என்று தெரிந்தது. கோபம் அப்பன்மேல். இருபது வருஷமாக உன்னையே கதி என்று கிடக்கிறேன், உயிர் போகிற நேரத்தில் மட்டும் தள்ளி நில் என்கிறாயே என்று.

எழுந்தேன். நேராக உள்ளே போனேன். காலையில் எனக்குக் காட்டிவிட்டு சூ லான் உள்ளே கொண்டுவந்து வைத்த கணி அப்படியே இருந்தது. விளக்கை எடுத்தேன். இரண்டாம் நாள், குளிக்காத உடம்பு, மாற்றாத புடவை.  பயந்தேன் என்பதை மறைக்க மாட்டேன். என்ன ஆகுமோ, கண் போகுமோ, கை விழுமோ என்றெல்லாம் சின்ன வயதிலிருந்து கேட்ட கதைகள் முன்னால் வந்து நின்றன. திரியைத் தூண்டி ஏற்றினேன். வெளிச்சம் தெருவுக்குத் தெரியக் கூடாது என்று யுத்தகாலச் சட்டம். ஹலீமா வந்து ஜன்னல் கதவைச் சாத்தினாள். என் பக்கத்தில் நின்றாள்.

நான் ஸ்லோகம் சொல்லவில்லை. சண்டை போட்டேன். வாயில் வந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"அப்பா, உன்னைக் கணி வெச்சவ அவ. அவளைப் போன்னு சொன்னவ நான். தப்பு இருந்தா என்கிட்ட இருக்கு, என்னைக் கேளு. நாளைக்கு வெளக்கு வெக்கற நேரத்துக்குள்ள அவளை உயிரோட என் கண்ணுல காட்டணும். காட்டலைன்னா உன்னைத் தூக்கி டிரங்குப் பெட்டில போட்டுப் பூட்டிடுவேன். நான் சுத்தமா இல்லேன்னு சாக்குச் சொல்லாதே. இந்த ஒடம்பை நீதானே பண்ணினாய்?"

என் கண் போகவில்லை. கை விழவில்லை. திரி ஆடாமல் நின்று எரிந்தது. அழுது முடித்தபோது எனக்குப் பசித்தது. மாமி வைத்துவிட்டுப் போன பாயசத்தை நானும் ஹலீமாவும் குடித்தோம்.

மறுநாள் சனிக்கிழமை காலையில் இரண்டு பேரும் தேடக் கிளம்பினோம். படி இறங்கினால் எதிரே ஜானகி மாமி.

"எங்கேடீ கெளம்பிட்டாய்? இன்னிக்கு மூணாம் நாளாச்சே!"

"ஆஸ்பத்திரிக்கு மாமி. சூ லானைக் காணலை."

"அந்தச் சீனாக்காரிக்காகவா? முட்டையை வெச்சுக் கணி கண்டால் இப்படித்தான் வரும். நேத்தே நெனச்சேன். மேலே போடீ, நாலு பேர் மேலே இடிச்சுண்டு டிராம்ல போப்படாது."

"நேத்து வெளக்கும் ஏத்தினேன் மாமி" என்று சொல்லிவிட்டு நடந்தேன். மாமி முகம் எப்படிப் போனது என்று திரும்பிப் பார்க்கவில்லை.

டிராம் பாதி வழியில் நின்றுவிட்டது. நடந்தோம். தெருவெல்லாம் சாம்பல். முதல் ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டு முழுக்கப் பார்த்தோம். இல்லை. இரண்டாவதில் கட்டிலும் தரையும் நிறைய ஆட்கள் கிடந்தார்கள். ஒவ்வொரு முகமாகக் குனிந்து பார்த்தோம். சில முகங்களில் பார்க்க ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. அங்கும் இல்லை. மூன்றாவது ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம் ஐந்து மணி. குமாஸ்தா பெண்களின் ஜாபிதாவை இரண்டு தடவை புரட்டிப் பார்த்துக் கையை விரித்தார். ஹலீமா அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"இனிமேல் பிணவறையில்தான் பார்க்க வேண்டும்" என்றாள். அதுவரை அழாதவள் அப்போதுதான் அழுதாள்.

இனி வருவதைத்தான் மாமி எடுத்துவிடச் சொன்னார். காலையிலிருந்து நடந்த நடையில் என் துணி நனைந்துவிட்டது. மாற்றாமல் ஓர் அடி வைக்க முடியாது என்ற நிலைமை. பையில் மாற்றுத்துணி இருந்தது. ஓர் ஆயாவிடம் காதோடு காதாக விஷயத்தைச் சொன்னேன். அந்த மராட்டிக்காரி, பின்பக்கத் தாழ்வாரத்தைத் தாண்டினால் கொல்லையில் ஒரு கக்கூஸ் இருக்கிறது, போ என்றாள். அந்தத் தாழ்வாரம் ஆண்கள் கிடந்த இடம். கூலிகளும் மாலுமிகளும் தரையில் வரிசையாகப் பாய்மேல். வேறு எந்தக் காரணத்துக்கும் நான் அந்தப் பக்கம் போயிருக்க மாட்டேன். எந்தப் பெண்ணும் போயிருக்க மாட்டாள். வெட்கத்தில் தலையைத் தூக்காமல் நடந்தேன். அதனால் முகங்களைப் பார்க்கவில்லை. கால்களைத்தான் பார்த்தேன்.

வரிசையின் கடைசியில் ஒரு சின்னப் பாதம். சுண்டுவிரல் பக்கத்து விரல்மேல் ஏறியிருந்தது. சாக்கட்டிக் கோட்டைத் தாண்டி என்னை வம்புக்கு இழுக்கும்போதெல்லாம் அந்தப் பாதத்தைத்தான் சூ லான் முதலில் வைப்பாள்.

நிமிர்ந்து பார்த்தேன். கால்சட்டை. எரிந்த முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். கண்ணையும் தலையையும் சுற்றிக் கட்டு, இரண்டு கையிலும் கட்டு. சீன மாலுமி என்று ஒரு சீட்டு. அந்த அமளியில் யாரும் சரியாகப் பார்க்கவில்லை. மாலுமிகளோடு மாலுமியாகத் தூக்கி வந்து போட்டுவிட்டார்கள். நான் அந்தக் காலைக் கட்டிக்கொண்டு "சூ லான்! சூ லான்!" என்று கத்தினேன். அவளுக்குக் காது கேட்கவில்லை. வெடிச்சத்தத்தில் அடைத்திருந்தது. மேலே போய் என் கன்னத்தை அவள் கன்னத்தோடு வைத்தேன். தேங்காயெண்ணெய் வாசனையைத்தான் அடையாளம் கண்டிருப்பாள்.

"விசாலம்?" என்றாள்.

நான் அழுத அழுகையில் அவள் முகமெல்லாம் நனைந்துவிட்டது. அவள் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரிச் சொன்னாள்: "இன்றைக்கு மூன்றாம் நாள்தானே? நீ யாரையும் தொடக் கூடாதே!"

ஹலீமாவைக் கூப்பிட்டு வந்தேன். டாக்டர் ஓடி வந்தார். விலாவில் ஓர் ஆழமான காயம், சட்டைக்கு உள்ளே, யாரும் கட்டவே இல்லை. பெண்கள் வார்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அரை மணி கழித்து ஆஸ்பத்திரி வாசலில் லாரி வந்து நின்றது. தாழ்வாரத்தில் இருந்த மாலுமிகளை ஊருக்கு வெளியே பட்டாள ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். "இந்தக் காயத்தோடு அந்த லாரியில் போயிருந்தால் இந்தப் பெண் தாங்கியிருக்க மாட்டாள்" என்று டாக்டர் சொன்னார். ஆஸ்பத்திரியில் விளக்குப் போடுகிற நேரம் அது. அப்பனுக்கு நான் வைத்த கெடுவும் அதுதான்.

இதைத் தற்செயல் என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். அவர்களோடு எனக்கு வழக்கு இல்லை. என் வழக்கு நம்மவர்களோடு. "பகவான் பெரிய மனசு பண்ணி, உன் தப்பைப் பொறுத்துண்டு காப்பாத்தினான்" என்று மாமி இன்றைக்கும் சொல்கிறார். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவன் எதையும் பொறுத்துக்கொள்ளவில்லை. அதையே பிடித்துக்கொண்டு என்னை நடத்திக்கொண்டு போனான். எதை இழிவு என்று காலரியில் உட்கார வைத்தார்களோ, அது இல்லாவிட்டால் நான் அந்தத் தாழ்வாரத்துப் பக்கமே போயிருக்க மாட்டேன். குளித்து முழுகிச் சுத்தமாக இருந்திருந்தால் ஹலீமாவோடு வாசற்படியிலிருந்து பிணவறைக்குப் போயிருப்பேன். சூ லானை லாரியில் ஏற்றியிருப்பார்கள்.

சூ லான் நாற்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். கண் பிழைத்தது. இடது காது போய்விட்டது. அந்தச் சமையல்காரரை அவள் கடைசிவரை பார்க்கவில்லை. யுத்தம் முடிந்து பினாங்கிலிருந்து கடிதம் வந்தது. அம்மா இருக்கிறார், அப்பா இல்லை. நாங்கள் மூன்று பேரும் அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு ஒன்றாக அழுதோம். இப்போது அவள் அங்கே கல்யாணமாகி இருக்கிறாள். எழுத்து இன்னும் கோழி கிண்டின மாதிரிதான், ஆனால் கடிதம் தவறுவதில்லை.

மாமி ஊருக்கு எழுதிப்போட, அப்பாவிடமிருந்து எனக்குக் கடிதம் வந்தது. உடனே ஃபிளாட்டைக் காலி பண்ணு, தீட்டுப் போகப் புண்யாஹவாசனம் பண்ணிக்கொண்டு மாமி வீட்டில் இரு என்று. "இருக்கிற இடத்தில் பகவான் நடமாடுகிறான், காலி பண்ண மாட்டேன்" என்று பதில் போட்டேன். அப்பா மூன்று மாதம் எழுதவில்லை. பிறகு எழுதினார். படிப்பு முடிகிறவரை அங்கேதான் இருந்தேன். சமையல்கட்டுக் கோட்டை ஈரத்துணியால் நானே துடைத்தேன்.

இப்போது செம்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். பெண் பார்க்க வந்தவர்களிடம் முன்கூட்டியே சொன்னேன், என் வீட்டில் விளக்கு மாதம் முப்பது நாளும் நான்தான் ஏற்றுவேன் என்று. இரண்டு இடத்துக்காரர்கள் பஜ்ஜியைக்கூடத் தொடாமல் எழுந்து போனார்கள். மூன்றாவதாக வந்தவர், "எண்ணெய் நான் வாங்கிண்டு வரேன்" என்றார். அவர்தான் என் வீட்டுக்காரர். ஐந்து வருஷத்தில் ஒரு நாள்கூட என் விளக்கு நிற்கவில்லை. எங்களுக்கு எந்தக் குறையும் வந்துவிடவில்லை.

இதைப் படிக்கிற பெண்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். மாமிகள் கோபித்துக்கொண்டாலும் சரி. மூலையில் பாய் போட்டு உட்கார்ந்திருக்கிற நாளில் குழந்தைக்கு ஜுரம் வரும், புருஷன் வேலைக்குப் போன இடத்திலிருந்து தந்தி வரும், யாருக்கோ ஏதோ ஆகிவிட்டதென்று சேதி வரும். நாலாம் நாள் தலைக்கு ஊற்றிக்கொண்டு கூப்பிடலாம் என்று காத்திருக்காதீர்கள். உட்கார்ந்த இடத்திலிருந்தே கூப்பிடுங்கள். ஸ்லோகம் வராவிட்டால் திட்டுங்கள். அவன் வருவான். என்னிடம் வந்தான்.